வெங்காயக் கூடையும் காரிகையும்

சேமித்து வைத்த வெங்காயப் பட்டறையைப் பிரிக்கிற நாளில் எங்கள் களத்துமேட்டு வேப்பமரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் சின்ன வெங்காயம் குவிந்து கிடக்கும். காய்ந்த தாளை அறுக்க வேண்டும், வேரைக் கிள்ள வேண்டும், உதிர்கிற தோலை உள்ளங்கையில் உருட்டி ஊதிவிட வேண்டும். கூலி கூடைக் கணக்கு. பெரம்பலூர்ப் பக்கம் செட்டிகுளத்திலோ ஆலத்தூரிலோ வளர்ந்த யாருக்கும் அந்த நெடி இப்போதும் மூக்கில் இருக்கும்.

அந்த வட்டத்தில் என் அத்தை மட்டும் வெங்காயத்தைத் தொடமாட்டார். எட்டாவது வரை படித்தவர். மற்றவர்கள் கையெழுத்து மட்டும் போடப் பழகியவர்கள். டீக்கடையில் ஒரு வாரம் புரண்டு, முனை சுருண்டு, பஜ்ஜி எண்ணெய் ஏறிய வார இதழை மடியில் விரித்து வைத்துத் தொடர்கதையை உரக்க வாசிப்பார். ஒவ்வொருத்தியும் தன் கூடையில் சில பிடி போட்டால் அடுத்த பிடி அத்தையின் கூடையில் விழும். "நீ படிம்மா, ஒங் கூடய நாங்க பாத்துக்கிறோம்" என்று முதலில் சொன்னது எந்த மகராசியோ தெரியாது. நான் வேடிக்கை பார்க்கிற வயதுக்கு வந்தபோது அது எழுதாத சட்டமாகியிருந்தது. சாயந்திரம் கூலி கொடுக்கும்போது பார்த்தால் அத்தையின் கூடைதான் மற்றதைவிட ஒரு விரற்கடை உயரமாக இருக்கும்.

கேட்பவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. மாலை வெயில், மல்லிகைக்கொடி என்று கதாசிரியர் இழுத்தால், "அதையெல்லாம் தாண்டிப் போடி" என்பார்கள். மாமியார் பேச்சு வந்தால் திரும்பப் படிக்கச் சொல்வார்கள். கதாநாயகன் ஒருவன் இரண்டாவது பெண்ணைப் பார்த்துச் சிரித்த வாரத்தில் அவனுக்கு விழுந்த வசவை இங்கே எழுத முடியாது. கதை இறுகுகிற இடத்தில் எல்லார் கையும் நின்றுபோகும். வியாபாரியின் ஆள் வந்து சத்தம் போட்டால்தான் மறுபடி ஓடும்.

இது எங்கள் களத்துமேட்டில் மட்டும் நடந்த அதிசயம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். 1865-இல் கியூபாவின் ஹவானாவில் எல் ஃபிகாரோ என்கிற சுருட்டுத் தொழிற்சாலையில் இதே ஏற்பாடு இருந்தது என்பதைப் பிற்பாடுதான் படித்தேன். ஒருவர் மேடையில் உட்கார்ந்து பத்திரிகையும் நாவலும் வாசிப்பார். சுருட்டு சுற்றுகிறவர்கள் தங்கள் கூலியிலிருந்து அவருக்குச் சம்பளம் கொடுப்பார்கள். மாண்டி கிறிஸ்டோ என்கிற சுருட்டின் பெயர் அப்படி வாசித்துக் கேட்ட நாவலிலிருந்து வந்ததுதான். நம் பக்கத்திலேயே கண்ணூர் பீடிக் கூடங்களில் இந்த வழக்கம் இருந்தது. கை ஓயாமல் ஓட, காது சும்மா இருக்கிற தொழில் எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் யாரோ ஒருவர் புத்தகத்தை எடுத்திருக்கிறார்.

அந்தப் பெண்களிடம் போய், தொடர்ந்து வாசிப்பதால் வரும் நன்மைகள் என்னென்ன என்று யாராவது கேட்டிருந்தால் வேறு வேலை இல்லையா என்றிருப்பார்கள். நமக்குத்தான் இப்போது பட்டியல் வேண்டும். ஞாபகசக்தி வளரும், மன அழுத்தம் குறையும், தூக்கம் வரும் என்று கீரைக்கட்டின் பலன் சொல்வதுபோலச் சொல்கிறார்கள். யேல் பல்கலைக்கழகத்தார் 50 வயதைக் கடந்த 3,635 பேரைப் பன்னிரண்டு ஆண்டு பின்தொடர்ந்து, 2016-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புத்தகம் வாசிக்கிறவர்கள் வாசிக்காதவர்களைவிட ஏறத்தாழ 23 மாதம் கூடுதலாக வாழ்ந்தார்களாம். செய்தித்தாளும் வார இதழும் வாசிக்கிறவர்களுக்கு இந்தச் சலுகை குறைவு. அந்தக் கணக்கில் அத்தைக்குப் பெரிதாக ஒன்றும் தேறியிருக்காது. மேலும், அந்த 23 மாதத்தை வைத்து என்ன செய்வது? பாக்கியிருக்கிற புத்தகத்தைப் படிக்கலாம். ஆய்வைக் கேலி செய்யவில்லை. அது நேர்மையான ஆய்வு. ஆனால் வாசிப்பின் பலன் மாதக் கணக்கில் வந்து சேர்கிற பண்டமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

பலன் என்ன என்கிற இந்தக் கேள்வி தமிழில் ஒருமுறை மிகச் சரியான ஆளிடம் கேட்கப்பட்டது. 1880 அக்டோபர் 21, கும்பகோணம். கல்லூரியில் புதிதாகச் சேர்ந்திருந்த தமிழாசிரியர் ஒருவர், ஊருக்கு மாற்றலாகி வந்திருந்த முன்சீப்பைப் பார்க்கப் போகிறார். முன்சீப்பின் பெயர் சேலம் இராமசாமி முதலியார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். ஆசிரியர் அடுக்குகிறார்: அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ், கோவை, புராணங்கள், இலக்கணங்கள். முதலியார் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. இதையெல்லாம் படித்து ஆகப்போவது என்ன என்கிற தோரணையில் கேட்டுவிட்டார். சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்பது அடுத்த கேள்வி. இல்லை. ஆசிரியரின் பெயர் உ.வே.சாமிநாதையர்.

தமிழ் படித்தவர்கள் இந்த இடத்தைச் சொல்லும்போது முதலியார் பக்கம்தான் நிற்பார்கள். நானும் நின்றவன்தான். பழைய சிற்றிலக்கியக் குப்பையில் கிடந்தவரை ஒரு கேள்வி எழுப்பிவிட்டது. அங்கிருந்து சங்கத்தமிழ் அச்சேறியது என்று கதை நேராக ஓடும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பட்டியலை அவர் எங்கே படித்தார் என்று நான் யோசித்ததே இல்லை, ஒரு நாள் பேருந்து குன்னத்தில் நிற்கும் வரை.

அப்போது பெரம்பலூருக்கும் அரியலூருக்குமாகத் தினம் போய்வருகிற வேலை. ஓடுகிற வண்டியில் படித்தால் எனக்குத் தலை சுற்றும். சாலையும் அப்படி, முன்னாலும் பின்னாலும் சிமெண்ட் லாரிகளும் அப்படி. ஆகவே வண்டி புறப்படுவதற்கு முன் பேருந்து நிலையத்தில் கிடைக்கிற கால்மணி நேரத்தில் மட்டும் படிப்பேன். டிரைவர் டீ குடிக்கிற நேரம் என் வாசிப்பு நேரம். சாமிநாதையரின் 'என் சரித்திரம்' எடுத்து வைத்திருந்தேன். 1940-இலிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்து, அவர் இறந்த 1942-இல் முடியாமல் நின்ற சுயசரிதை. அன்றைக்கு விட்ட இடம் ருசியாக இருந்ததால் விதியை மீறி வண்டியிலும் பிரித்தேன். பையனுக்கும் அப்பாவுக்கும் குன்னத்தில் வாசம் என்று வந்தது. நிமிர்ந்தால் கண்டக்டர், "குன்னம் எறங்கு, குன்னம் எறங்கு" என்கிறார். ஜன்னலுக்கு வெளியே வாழைப்பழத் தாரும் செல்போன் ரீசார்ஜ் கடையும். ஒரு நொடி எது புத்தகம் எது ஊர் என்று பிடிபடவில்லை.

1855-இல் பிறந்த சாமிநாதனின் பிள்ளைப் பருவம் பாபநாசத்துக்குப் பக்கத்து உத்தமதானபுரத்தில் மட்டும் கழியவில்லை. அப்பா வேங்கடசுப்பையர் பாட்டுக்காரர். இராமாயணக் கதை சொல்லி, ஊர் கொடுப்பதை வாங்கிப் பிழைக்கிற குடும்பம். உடையார்பாளையம் சமீனின் ஆதரவு கொஞ்ச நாள் இருந்தது. பையனுக்குத் தமிழ்ப் பைத்தியம் பிடித்ததும், எந்த ஊரில் தமிழ் சொல்லித்தர ஆள் இருக்கிறதோ அந்த ஊருக்கு அப்பா குடும்பத்தைத் தூக்கிக்கொண்டு போனார். அரியலூரில் சடகோப ஐயங்கார். குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை. அவரிடம் திருவிளையாடற் புராணம். கார்குடியில் கஸ்தூரி ஐயங்கார், அவரிடம் நன்னூல். பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார். அவரிடம் யாப்பருங்கலக் காரிகை. மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 1871-இல் போய்ச் சேர்வதற்கு முன்னால், அந்தப் படிப்பின் அடித்தளம் இந்தக் கரிசலிலும் செம்மண்ணிலும் விழுந்தது. எல்லா ஊரும் இன்றைக்கு நம் டவுன் பஸ் போகிற ஊர்கள்.

இந்த ஆசிரியர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடம் நடத்தியவர்கள் இல்லை. விவசாயம் பார்த்துக்கொண்டு, கணக்கு எழுதிக்கொண்டு, ஓய்ந்த நேரத்தில் ஏட்டைப் பிரித்தவர்கள். ரெட்டியார் நிலம் நீச்சு உள்ள மனிதர். செங்கணத்தில் உட்கார்ந்து இலக்கணம் படித்து அவருக்கு எந்தப் பதவியும் வரப்போவதில்லை. ஆனாலும் படித்தார். அந்தத் திண்ணைக்கு ஒரு பையன் வந்து சேர்ந்தபோது சொல்லிக்கொடுக்கத் தயாராக இருந்தார். இந்த வட்டாரத்தில் அது புதிதும் இல்லை. இன்றைய பெரம்பலூர் நகருக்குள் அடங்கிவிட்ட துறைமங்கலத்தில்தான் 17-ஆம் நூற்றாண்டில் அண்ணாமலை ரெட்டியார் என்பவரின் ஆதரவில் சிவப்பிரகாசர் இருந்தார். 'நன்னெறி'யைப் பள்ளியில் உருப்போட்டவர்களுக்கு அவரைத் தெரியும், துறைமங்கலம் பேருந்து நிறுத்தமாகிவிட்டது மட்டும் தெரியாது.

காரிகைக்கு வருகிறேன். செய்யுள் இலக்கணம். அசை, சீர், தளை. இன்றைக்குத் தமிழ் எம்.ஏ. வகுப்பிலேயே கொட்டாவி விடவைக்கிற பாடம். அதை ஒரு பையன் பதினைந்து வயதில் செங்கணத்தில் உட்கார்ந்து படித்து என்ன ஆகப்போகிறது? முதலியாரின் கேள்வி இதற்கும் பொருந்தும்.

என்ன ஆயிற்று என்று பார்க்க, ஓலைச்சுவடியில் ஒரு சொல்லைப் படித்துப் பார்க்க வேண்டும். ஓலையில் புள்ளி வைக்கமாட்டார்கள். எழுத்தாணி குத்தினால் ஓலை கிழியும். எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வேறுபாடு தெரியாது. துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருக்கும். சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. 'கொடி' என்று நீங்கள் படிக்கிற இடத்தில் இருப்பது 'கோடி'யாக இருக்கலாம். 'கெரடி' என்று அர்த்தமில்லாத ஒன்றாகவும் தோன்றலாம். எது சரி என்று சொல்ல ஓலைக்கு வாய் இல்லை. ஆனால் பாட்டுக்கு ஒரு நடை உண்டு. கொடி என்றால் இரண்டு குறில் சேர்ந்து ஒரே நிரையசை. கோடி என்றால் நேர், நேர் என்று இரண்டு அசை. அந்த இடத்தில் பாட்டின் ஓசை எதைக் கேட்கிறதோ அதுதான் சொல். செல் அரித்த ஓலையில் எழுத்து விழுந்த ஓட்டையைக்கூட, இங்கே இத்தனை அசைக்கு இடம் இருக்கிறது என்று யாப்பு அளந்து காட்டும். செங்கணத்தில் படித்தது 1880-க்குப் பிறகு கும்பகோணத்தில் விளக்கேற்றிவைத்துச் சிந்தாமணிப் பிரதிகளை ஒப்பிட்ட ராத்திரிகளில் வேலை செய்தது. 1887-இல் சிந்தாமணி அச்சாயிற்று. பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு.

ஆக, முன்சீப் கேட்டது நியாயமான கேள்வி, கேட்ட தேதிதான் கொஞ்சம் முந்திவிட்டது. பதில் ஏற்கெனவே பையில் இருந்தது. பையை வைத்திருந்தவருக்கே அது தெரியாது.

இந்த எகர ஏகாரச் சங்கடத்தைத் தீர்க்கப் பார்த்தவரும் இந்த வட்டாரத்து ஆள்தான் என்பதைச் சொல்லாமல் போக மனமில்லை. இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் மாதா கோயில் கட்டி நெடுநாள் இருந்தார். குறிலுக்கு ஒரு கொம்பு, நெடிலுக்கு மேலே சுழித்த கொம்பு என்று பிரித்தது அவர். 'பேருந்து' என்று இப்போது நீங்கள் தடுக்காமல் படித்தீர்களே, அந்தச் சுழி அவர் போட்டது. 1732-இல் சதுரகராதியையும் செய்தார். மாதா கோயில் திருவிழாவுக்கு லட்சம் பேர் கூடினாலும், அந்தச் சுழிக்கு யாரும் மெழுகுவர்த்தி ஏற்றுவதில்லை.

சிந்தாமணிக் கதையில் இன்னொரு இடம் உண்டு. எனக்கு அதுதான் மிகப் பிடித்தது. சாமிநாதையருக்குச் சிந்தாமணியில் பல இடம் விளங்கவில்லை. சைன சமயச் சொற்கள் தடுத்தன. விசாரித்ததில், கும்பகோணத்திலேயே சில சைனக் குடும்பங்கள் அந்த நூலை வழிவழியாகப் படித்துவருவது தெரிந்தது. போய்ப் பார்த்தால் ஒரு வீட்டில் மாவிலைத் தோரணம் கட்டிச் சிந்தாமணிப் படிப்பு முடிந்ததைக் கொண்டாடிக்கொண்டிருக்கிறார்கள். தமிழ்ப் பண்டிதர்கள் படிப்பதை விட்டுவிட்ட காவியம், நாலு தெரு தள்ளி ஒரு வீட்டுக் கூடத்தில் நித்தியப்படி வாசிக்கப்பட்டு வந்திருக்கிறது. யாரும் அதை ஆராயவில்லை, பாதுகாக்கிறோம் என்று சங்கம் வைக்கவில்லை. படித்தார்கள், முடித்தார்கள், பாயசம் வைத்தார்கள், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். பொருள் பிழைத்திருந்தது அந்த வழக்கத்தினால்.

பழக்கம் என்கிற சொல்லை நாம் கொஞ்சம் மட்டமாக வைத்திருக்கிறோம். ஆர்வம், வேட்கை, காதல் என்றால்தான் புத்தகத்துக்கு மரியாதை என்று நினைக்கிறோம். என் அனுபவம் வேறு. ஆசை மழை மாதிரி, இந்தப் பக்கத்தில் அதை நம்பி விதைக்க முடியாது. பழக்கம் கிணறு என்று சொல்லலாம் என்றால், எங்கள் ஊரில் கிணறும் வற்றும். எனக்குத் தெரிந்தது அந்தக் கால்மணி நேரம்தான். ஒரு நாளைக்குப் பத்துப் பக்கம். பிடித்தாலும் பத்து, பிடிக்காவிட்டாலும் பத்து. வேலை நாள் 300 என்று வைத்தால் 3,000 பக்கம், ஆண்டுக்குப் பத்துக் கெட்டியான புத்தகம். பல நாள் படித்தது மண்டையில் ஏறாது. சம்பளம் வராத மாதக்கடைசியில் வரி வரியாகக் கண் மட்டும் ஓடும். அதுவும் சேர்ந்ததுதான் பழக்கம். பட்டறையில் அடுக்கும்போது எந்த வெங்காயம் அழுகும் எந்த வெங்காயம் நிற்கும் என்று பார்த்தா அடுக்குகிறோம்?

அந்தப் பத்துப் பத்துப் பக்கத்தில்தான் ஒருமுறை என் காலடி மண்ணே எனக்கு விளங்கியது. சிறுவனாக இருந்தபோது காரை, குளக்கல்நத்தம் பக்கத்துப் பொட்டல் ஓடைகளில் சுருள் சுருளான கற்களைப் பொறுக்கிச் சில்லு விளையாடியிருக்கிறோம். நத்தை கல்லாகிவிட்டது என்போம். யார் சாபம் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு. அவை அம்மோனைட்டுகள், பத்துக் கோடி ஆண்டுக்கு முன் தொடங்கி இங்கே புரண்ட கிரிட்டேசியஸ் காலத்துக் கடலின் உயிர்கள் என்று படித்தபோது வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அரியலூரின் சுண்ணாம்புக்கல் அந்தக் கடலில் செத்தவற்றின் ஓடு. அதைத்தான் லாரி லாரியாகச் சிமெண்ட் ஆலைக்கு ஏற்றுகிறார்கள். அந்த லாரிக்குப் பின்னால்தான் என் பேருந்து தினம் ஊர்ந்திருக்கிறது. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கும் கல்மரத்தை நிலவியலாளர் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-இல் உலகுக்குச் சொன்னார். அதற்கும் முன்னால், 1860-களிலேயே ஹென்றி பிளான்ஃபோர்டின் நிலவியல் அறிக்கை வந்துவிட்டது. ஸ்டோலிச்கா என்பவர் கல்கத்தாவில் உட்கார்ந்து, இங்கிருந்து போன புதைபடிவங்களுக்கு ஒவ்வொன்றாகப் பெயரிட்டுத் தொகுதி தொகுதியாக அச்சிட்டார். உலகத்து நிலவியல் நூல்களில் 'அரியலூர்' ஒரு பாறைத் தொகுதியின் பெயர்.

1860-கள். சாமிநாதன் அரியலூர்த் தெருவில் ஏட்டோடு அலைந்த அதே பத்தாண்டு. ஒரு பக்கம் வெள்ளைக்காரர்கள் இந்தப் பூமியின் அடுக்குகளைப் படித்துக்கொண்டிருந்தார்கள். மறுபக்கம் ஒரு பையன் ஓலையின் அடுக்குகளைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தான். இரு தரப்பும் ஒன்றையொன்று அறியாது. இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்க்கிற வாய்ப்பு, நூற்றைம்பது ஆண்டு கழித்து டிரைவர் டீ குடிக்கிற நேரத்தில் எனக்குக் கிடைத்தது. இதற்கு என்ன பலன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. அந்த லாரிகள் மீது எனக்கிருந்த எரிச்சல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. குறைந்தது என்றும் சொல்ல முடியாது.

புத்தகம் கிடைப்பதற்கு வழி இருந்ததா என்று கேட்கலாம். 1948-இல் மதராஸ் பொது நூலகச் சட்டம் வந்தது. சீர்காழிக்காரரான நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் பின்னாலிருந்து தள்ளிய வண்டி அது. வீட்டுவரி ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரி என்று நாம் எல்லாரும் கட்டுகிறோம், பாதிப் பேருக்குக் கட்டுவது தெரியாது. 2006-இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,618 ஊராட்சிகளுக்கும் ஊருக்கு ஒரு நூலகம் என்று கட்டினார்கள். பெரம்பலூர் மாவட்டத்தில் ஊராட்சிகள் 121, அரியலூரில் 201. கட்டடங்கள் இன்றும் நிற்கின்றன. நான் பார்த்த ஒன்றில் பிளீச்சிங் பவுடர் மூட்டையும் பழைய டியூப்லைட்டும் இருந்தன. சன்னல் வழியாகப் பார்த்தால் அலமாரியில் புத்தகங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. இன்னொன்றில் ஒரு பெண்மணி சொற்பச் சம்பளத்தில் தினமும் திறந்து, பெருக்கி, நாளிதழை மேசையில் விரித்து வைக்கிறார். இரண்டு ஊருக்கும் நடுவே ஆறு கிலோமீட்டர்.

கிளை நூலகத்தில் எனக்குப் பிடித்த இலக்கியம், புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கம் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டு. ஊதா மையில் முத்திரைகள். ஒரு மொழிபெயர்ப்பு ருஷ்ய நாவலில் பார்த்தேன்: 1987-இல் மூன்று மாதத்துக்குள் ஐந்து முறை போயிருக்கிறது. பிறகு ஒன்றுமில்லை. 2003-இல் ஒரு முத்திரை. அதன் கீழே என்னுடையது. அந்த ஐந்து முறையும் ஒரே ஆளா, ஒரு தெருவே மாற்றி மாற்றிப் படித்ததா தெரியாது. பதினாறு வருஷம் அந்தப் புத்தகம் யாருக்காகவோ நின்றிருக்கிறது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கென்று ஒரு வாசகன் உண்டு என்று ரங்கநாதன் 1931-இல் விதியாகவே எழுதியிருக்கிறார். அந்த வாசகன் எந்த ஆண்டு வருவான் என்று எழுதவில்லை, கெட்டிக்காரர்.

இப்போது நூலகங்களில் கூட்டம் இருக்கிறது. காலை ஒன்பதுக்கே டிபன் கேரியரோடு வந்து உட்காருகிறார்கள். எல்லாம் டி.என்.பி.எஸ்.சி. கூட்டம். கதைப் புத்தக அலமாரிப் பக்கம் தலை திரும்புவதில்லை என்று பழைய வாசகர்கள் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்த அலுப்பு இல்லை. ஆறு மணி நேரம் அசையாமல் உட்காருகிற உடம்பு தயாராகிறது, அதுவே பெரிய காரியம். கைடுக்கும் கதைக்கும் நான் பார்க்கிற வித்தியாசம் ஒன்றுதான். கைடின் பலனுக்குத் தேதி உண்டு, ஹால் டிக்கெட்டில் அச்சடித்திருக்கும். அந்தத் தேதி கடந்தால் கைடு பழைய பேப்பர். அந்தத் தேதியை நம்பிப் படித்து ஏமாற்றப்பட்ட பிள்ளைகளின் வட்டாரம் இது. செந்துறைப் பக்கம் குழுமூரில், பிளஸ் டூவில் 1176 மதிப்பெண் எடுத்தும் நீட் தேர்வால் மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்காத அனிதா 2017 செப்டம்பர் 1-இல் போய்ச் சேர்ந்தாள். அவள் பெயரில் அந்த ஊரில் எழும்பியது ஒரு நூலகம். சிலையோ நிழற்குடையோ வைத்திருக்கலாம். துக்கம் விசாரிக்க வந்த ஊருக்கு அந்த வீடு புத்தகத்தைக் கொடுத்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

பெரம்பலூரிலும் அரியலூரிலும் புத்தகத் திருவிழா வந்த பிறகு அத்தையை ஒருமுறை கூட்டிப்போனேன். கண்புரை முற்றிய நேரம். கடை கடையாக நடந்து, புத்தகத்தை எடுத்து முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்துபார்த்து வைத்தார். "வெலயப் பாத்தியா, ரெண்டு மூட்ட வெங்காயம்" என்றார். ஒன்றும் வாங்கவில்லை. டெல்லி அப்பளம் மட்டும் வாங்கிக்கொண்டார்.

கடைசி வருஷங்களில் அவருக்கு எழுத்து தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனால், "தம்பி, எதாவது வச்சிருக்கியா" என்பார். நான் வாசிக்க, அவர் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு வெறுங்கையால் வெங்காயம் உரிப்பார். அதற்குக் கண் வேண்டியதில்லை. முறை தலைகீழாகிவிட்டது. ஒரு ஞாயிறு 'என் சரித்திர'த்தில் குன்னம், கார்குடி, செங்கணம் வருகிற பகுதிகளை வாசித்தேன். பழைய நடை, கஷ்டமாக இருக்குமோ என்று நினைத்தேன். நிறுத்தவே விடவில்லை.

"குன்னம்னா நம்ம குன்னமா?"

"ஆமா அத்தை."

"செங்கணம் நம்ம கவுள்பாளையத்துக்கு அந்தாண்ட இருக்கே, அதா?"

"அதேதான்."

கொஞ்ச நேரம் உரித்துக்கொண்டே இருந்தார். சங்கத்தமிழ், சிந்தாமணி, முன்சீப் கேட்ட கேள்வி எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லத் தயாராகப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டிருந்தேன்.

"அய்யரு வூட்டுப் புள்ளயாச்சே," என்றார் அத்தை. "நம்ம பக்கம் அப்பல்லாம் கம்பும் வரகுந்தானே வெளயும். சோத்துக்கு என்னடா பண்ணாங்க?"

விரல் வைத்திருந்த பக்கத்தை விட்டுவிட்டு, அதற்குப் பதில் எங்காவது இருக்கிறதா என்று முன்பக்கம் புரட்டத் தொடங்கினேன்.